காணிக்கைப் பெட்டியும் கணக்கேடும்

கிறிஸ்தவப் பிரசங்க மேடைகளிற் பணத்தைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் ஒரு வாக்கியம் தவறாது வந்து சேர்கின்றது. ஆண்டவர் நோக்குவது பணத்தையன்று, உள்ளத்தையே என்பது அது. செல்வனாயிருத்தல் குற்றமன்று, செல்வத்திற் பற்று வைத்தலே குற்றம். எவ்வளவு கொடுத்தாய் என்பது கேள்வியன்று, எத்தகைய மனத்தோடு கொடுத்தாய் என்பதே கேள்வி. கேட்போர் யாவர்க்கும் இப்போதனை இனிக்கின்றது. வறியவன் தன் சிறு காசும் பெரிதென எண்ணி ஆறுதலடைகின்றான். செல்வன் தன் பெருஞ்செல்வத்தில் தவறேதுமில்லை என எண்ணி ஆறுதலடைகின்றான். ஒரே வாக்கியம் இவ்விரு சாராரையும் ஒருங்கே மகிழ்விக்குமாயின், அவ்வாக்கியத்தை ஐயுற்று நோக்குதல் ஆராய்வோன் கடமையாகும்.

இக்கட்டுரையின் வாதம் இதுதான். 'உள்ளம்' என்ற சொல் கிறிஸ்தவ வழக்கிற் கணக்கேட்டை மூடிவைக்கும் உறையாகப் பயன்பட்டு வருகின்றது. பணம் எங்கிருந்து வந்தது, யாருடைய உழைப்பிலிருந்து வந்தது, கொடுத்தபின் எவ்வளவு எஞ்சிநின்றது, கொடுக்கப்பட்ட பணம் பெற்றவனை என்ன செய்தது ஆகிய கேள்விகளை அச்சொல் எழவிடாது தடுக்கின்றது. இவ்விளக்கம் விவிலியத்தினின்று பிறந்ததன்று. விவிலியத்தின் மேற் போர்த்தப்பட்டது. இஃது ஏதோ கிறிஸ்தவரின் உள்வீட்டு வழக்கு என ஏனையோர் ஒதுக்கிவிடுதற்குமில்லை. எமது நாட்டின் நவீன கல்வியும் அச்சுத் தொழிலும் மருத்துவமும் கணிசமான அளவிற்குக் கிறிஸ்தவக் கொடையின் மீது எழுந்தவை. அக்கொடையின் தத்துவத்தை விளங்கிக்கொள்ளாமல் எமது சமூக வரலாற்றையும் முழுமையாக விளங்கிக்கொள்ள முடியாது.

முதலில் மூலத்தை நோக்குவோம். உள்ளத்தை முதன்மைப்படுத்துவோர் யாவரும் மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தைச் சான்றுகாட்டுவர். ஆயின் 21ஆம் வசனம் கூறும் ஒழுங்குமுறையை அவர்கள் கவனிப்பதில்லை. உள்ளம் இருக்குமிடத்திற் செல்வம் இருக்கும் என்று அங்குக் கூறப்படவில்லை. செல்வம் இருக்குமிடத்தில் உள்ளம் இருக்கும் என்பதே அங்குக் கூறப்படுவது. செல்வம் முன்னே செல்கின்றது, உள்ளம் அதன் பின்னே இழுபட்டுச் செல்கின்றது. பிரசங்கிமார் இதனைத் தலைகீழாக்கி, உள்ளத்தைச் சரியான இடத்தில் வைத்துக்கொண்டால் செல்வம் எங்கிருந்தாலும் கேடில்லை என்கின்றனர். யேசுவின் கூற்று இவ்விடத்திற் பெரிதும் பொருள்முதல்வாதச் சார்புடையது என்று சொன்னால் இரு தரப்பாரும் என்மேற் சினங்கொள்வர். எனினும் அதைச் சொல்லாதிருக்க முடியவில்லை.

அதே பகுதியில் அடுத்து வருவது கண்ணைப் பற்றிய கூற்றாகும். கண் தெளிவாயின் உடல் முழுதும் ஒளி பெறும், கண் கெட்டதாயின் உடல் முழுதும் இருளடையும் என்ற கருத்து அங்கே வருகின்றது. நல்ல கண், தீய கண் என்பன எபிரேய வழக்கில் முறையே ஈகையையும் உலோபத்தையும் பொறாமையையும் குறிப்பன. திராட்சைத் தோட்டத் தொழிலாளர் உவமையிலும் அதே நற்செய்தியாசிரியர் இப்பொருளிலேயே தீய கண்ணைக் குறிப்பிடுகின்றார். இரக்கத்துக்குக் கண்ணோட்டம் எனப் பெயரிட்டு, குறளில் அதற்கெனத் தனி அதிகாரமும் கண்ட தமிழருக்கு இவ்வழக்குப் புதிதன்று. அதன்பின் வருவது இரு எசமானர் பற்றிய கூற்று. அங்கே பணத்துக்கு 'மாமோன்' என்னும் அரமேயச் சொல் ஆளப்பட்டுள்ளது. கிரேக்கத்தில் எழுதியோர் அதனை மொழிபெயர்க்காது ஒரு தலைவனின் பெயர் போலவே விட்டுவைத்தனர். 1871இல் பவர் ஐயர் தலைமையில் வெளிவந்த தமிழ் மொழிபெயர்ப்பு அதனை 'உலகப்பொருள்' ஆக்கிற்று. கடவுளுக்கு எதிராக அரியணையிலிருந்த ஒரு போட்டி எசமானன், பெட்டியிற் பூட்டிவைக்கத்தக்க வெறும் பொருளாகச் சுருங்கிவிட்டான்.

'உள்ளம்' என்ற சொல்லையும் இவ்விடத்துச் சற்று ஆராய்தல் தகும். எபிரேயத்தில் 'லேவ்' எனப்படும் இதயம் மென்மையான உணர்ச்சிகளின் இருப்பிடம் மாத்திரமன்று. சிந்தித்தல், திட்டமிடுதல், முடிவெடுத்தல் ஆகிய தொழில்கள் யாவும் அதற்கே உரியன. ஒருவனுடைய இதயம் எத்தகையது என்பதை அவன் எடுத்த முடிவுகளைக் கொண்டே அறியலாம். பிற்கால ஐரோப்பியப் பக்திமரபு இதயத்தை உணர்ச்சியின் தனியறையாக்கியது. அத்தனியறைக்குள் உடையவனைத் தவிர வேறெவரும் நுழைய முடியாது. எனவே பற்றின்றிச் செல்வம் வைத்திருக்கின்றேன் என்று ஒருவன் சொன்னால் மறுப்பார் எவருமிலர்.

இனி, இவ்விளக்கத்தின் தலைசிறந்த சான்றாகக் கொள்ளப்படும் ஏழை விதவையின் கதைக்கு வருவோம். மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்திலே, எருசலேம் ஆலயக் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே யேசு அமர்ந்திருக்கின்றார். செல்வர் பலர் மிகுதியாகப் போடுகின்றனர். ஏழை விதவையொருத்தி இரண்டு லெப்தா நாணயங்களைப் போடுகின்றாள். அவையிரண்டும் உரோமரின் குவாட்ரன்ஸ் ஒன்றுக்குச் சமமென மாற்குவே விளக்குகின்றார். அஃதாவது, ஒரு தொழிலாளியின் நாட்கூலியாகக் கொள்ளப்பட்ட தெனாரியத்தில் 64இல் ஒரு பங்கு. மற்றவர்கள் தம்மிடம் எஞ்சியதிலிருந்து போட்டார்கள், இவளோ தன் பிழைப்பு முழுவதையும் போட்டுவிட்டாள் என்று யேசு சீடருக்குச் சுட்டிக்காட்டுகின்றார். கதை இவ்வளவே. காணிக்கைக்கான ஞாயிறுகளிலும் கோவிற் கட்டட நிதிக் கூட்டங்களிலும் இவ்விதவை எத்தனை முறை அழைத்துவரப்பட்டிருப்பாள் எனக் கணக்கிட முடியாது.

அவள் போட்டதற்குச் சற்று முன் என்ன நிகழ்ந்தது? 38 முதல் 40 வரையுள்ள வசனங்களில், நீண்ட அங்கி அணிந்து சந்தைவெளியில் வணக்கத்தையும் விருந்தில் முதலிடத்தையும் நாடும் மறைநூல் அறிஞரை யேசு கண்டிக்கின்றார். அக்கண்டனத்தின் உச்சம், அவர்கள் விதவைகளின் வீடுகளை விழுங்குகின்றனர் என்பதாகும். நெடிய செபம் அதற்கு வேடம் என்றும் கூறுகின்றார். அடுத்த காட்சியிலேயே ஒரு விதவை வருகின்றாள். தன்னிடமிருந்த கடைசிக் காசையும் ஆலயத்துக்கு ஈந்துவிட்டுப் போகின்றாள். கதை முடிந்ததும் 13ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திற் சீடனொருவன் ஆலயத்தின் பெருங்கற்களை வியந்து பேச, கல்லின் மேற் கல் நில்லாதபடி அது தகர்க்கப்படும் என்று யேசு கூறுகின்றார். கி.பி. 70இல் உரோமப் படை அதனைத் தகர்த்தது. முன்னே விழுங்கப்பட்ட வீடுகள், பின்னே தகரவிருக்கும் கட்டடம், இவற்றுக்கிடையில் இரண்டு காசுகள். இவ்வமைப்பில் நின்று நோக்குமிடத்து, யேசுவின் சொற்கள் பாராட்டா, புலம்பலா என்ற வினா எழாதிருக்க முடியாது. 1982இல் அடிசன் றைற் என்னும் விவிலிய அறிஞர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் இவ்வினாவையே எழுப்பி, அது புலம்பலே என வாதிட்டார். அவளைப் போலச் செய்யுங்கள் என்று யேசு ஓரிடத்திலும் கூறவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. நல்ல சமாரியன் கதையின் முடிவில் அவ்வாறு கூறத் தயங்காதவர் இங்கே கூறவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். தன் வாழ்வு முழுவதையும் போட்டாள் என்று பொருள்படும் கிரேக்கத் தொடர், அடுத்த சில அதிகாரங்களிலே தன்னுயிரையே ஈயவிருக்கும் யேசுவின் முன்னிழலாக அவளைக் காட்டுகின்றது என்பாரும் உளர். அவ்விளக்கத்தை நான் முற்றாகத் தள்ளவில்லை. அவளது செயலின் பெருமையை ஏற்பதால், அவளிடமிருந்து வாங்கிய அமைப்பின் சிறுமை நீங்கிவிடுமா என்பதே என் வினா. சிலுவைச் சாவு மகத்தானது என்பதற்காகப் பிலாத்துவுக்கு எவரும் நன்றி கூறுவதில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் 1969இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்க வாசக நூலில், மூவாண்டுச் சுற்றின் இரண்டாம் ஆண்டில், பொதுக்காலத்தின் 32ஆம் ஞாயிறுக்கு இப்பகுதி குறிக்கப்பட்டுள்ளது. அன்றைய வாசகம் 38 முதல் 44 வரை. ஆனால் விரும்பினாற் சுருக்கி வாசிக்கலாம் என்ற சலுகையும் உண்டு. சுருக்கம் 41இல் தொடங்குகின்றது. விதவைகளின் வீடுகளை விழுங்குவோர் பற்றிய வசனங்களே சுருக்கத்திற் கழிந்துபோகின்றன. நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக நீக்கப்பட்டவை மூன்றே மூன்று வசனங்கள்! நேரம் எவ்வளவு மிஞ்சியது என்பதைக் கடிகாரம் வைத்திருப்போர் கூறட்டும்.

பவுலின் கடிதங்களுக்கும் இதே கதி நேர்ந்தது. உற்சாகமாய்க் கொடுப்பவனிடம் கடவுள் அன்புகூர்கின்றார் என்ற கருத்து கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் 9ஆம் அதிகாரத்தில் வருகின்றது. காணிக்கை உறைகளில் அச்சிடப்படுவதற்கு அதனினும் வாய்ப்பான வசனம் இல்லை. அக்கடிதத்தின் அப்பகுதி எருசலேமின் வறியவருக்காகப் பவுல் திரட்டிய நிதி பற்றியது. 8ஆம் அதிகாரத்திலேயே நிதியின் நோக்கத்தை அவர் தெளிவாக்குகின்றார். மற்றவர்களுக்குச் சுகமும் உங்களுக்குச் சுமையும் உண்டாக வேண்டுமென்பதன்று, இரு சாராருக்கும் இடையே சமநிலை உண்டாக வேண்டும் என்பதே அது. அவர் ஆளும் கிரேக்கச் சொல் 'இசொத்தேஸ்'. சமத்துவம் என்றே அதற்குப் பொருள். உற்சாகம் உறையில் ஏறிற்று, சமத்துவம் உள்ளே மடிக்கப்பட்டுவிட்டது. பெருந்தொகையைத் தாம் கையாளும் முறையில் ஒருவரும் குறைகூறாதபடி நம்பிக்கைக்குரிய துணைவரை உடன் அனுப்புவதாகவும் பவுல் எழுதுகின்றார். கணக்குக் காட்டுவதை அவர் ஆன்மிகத்துக்கு இழுக்காகக் கருதவில்லை.

அவ்வாறாயின் இவ்வுட்புற விளக்கம் எங்குத் தோன்றிற்று? ஏறத்தாழ கி.பி. 200அளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிளமெந்து, இரட்சிக்கப்படும் செல்வன் யார் என்ற வினாவைத் தலைப்பாகக் கொண்டு ஒரு நூல் எழுதினார். உள்ளதையெல்லாம் விற்று வறியவருக்குக் கொடுத்துவிட்டுத் தன்னைப் பின்பற்றுமாறு செல்வனொருவனுக்கு யேசு இட்ட கட்டளையை அவர் ஆராய்ந்தார். விற்கவேண்டியது வீட்டையும் நிலத்தையுமன்று, ஆன்மாவிலுள்ள ஆசைகளையே என்பது அவர் கண்ட முடிவு. அலெக்சாந்திரியா பெரும் வணிகத் துறைமுகம். திருச்சபையிற் செல்வர் சேரத் தொடங்கிய காலம். தேவை எழுந்த இடத்தில் விளக்கமும் எழுந்தது. கிளமெந்து செல்வரை முகத்துதி செய்தாரல்லர். செல்வம் பகிர்வதற்கே என்று வற்புறுத்தவும் செய்தார். ஆனால் கதவைத் திறந்துவிட்டார். பின்வந்தோர் அக்கதவால் ஒட்டகத்தையே ஓட்டிச்சென்றனர்.

ஒட்டகம் என்றதும் நினைவு வருகின்றது. எருசலேம் மதிலில் 'ஊசிக்கண்' என்ற சிறு வாயில் ஒன்று இருந்ததாகவும், சுமை இறக்கி முழந்தாளிட்டால் ஒட்டகம் அதனூடே நுழையலாம் எனவும் இன்றும் பிரசங்கிக்கப்படுகின்றது. யேசுவின் காலத்தில் அத்தகைய வாயில் இருந்ததற்கு எச்சான்றும் இல்லை. அது மத்திய கால விளக்கக்காரரின் கட்டுக்கதை. ஒட்டகம் என்பதை ஓரெழுத்து மாற்றிக் கயிறு என வாசிப்போரும் உளர். தடித்த கயிறும் ஊசியில் நுழையாது என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

கிளமெந்தின் வழியே யாவரும் சென்றனர் எனக் கருதலாகாது. எகிப்தின் அந்தோனியார் 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கோவிலில் அதே வசனம் வாசிக்கப்படக் கேட்டு, மரபுரிமையாகப் பெற்ற 300 அரூரா நிலத்தை ஊராருக்குக் கொடுத்துவிட்டு வெளியேறினார் என அவர் வரலாறு கூறுகின்றது. 4ஆம் நூற்றாண்டிலே செசரியாவின் பசிலியார் இன்னும் ஒருபடி சென்றார். 368, 369ஆம் ஆண்டுகளையொட்டிக் கப்பதோக்கியாவைப் பஞ்சம் தாக்கியபோது, களஞ்சியங்களைப் பூட்டி விலையேற்றத்துக்குக் காத்திருந்தோரை நோக்கி அவர் பேசியவற்றின் சாரம் இதுதான்: உன் வீட்டிலே தேங்கிக்கிடக்கும் உணவும் உடையும் பணமும் உன்னுடையனவல்ல, அவை இல்லாதவனுடையன, கொடாதிருத்தல் ஈகையின்மையன்று, களவு. பின்னர் நகருக்கு வெளியே வறியவர்க்கும் தொழுநோயாளர்க்கும் விடுதிகளை அவர் அமைத்தார்.

யோவான் கிறிசோஸ்தோம் அந்தியோக்கியாவிற் செய்த பிரசங்கங்களில் உள்ளத்தைப் பற்றி நிறையப் பேசினார். ஆயினும் கணக்கை மறக்கவில்லை. நகரத்திற் பத்தில் ஒரு பங்கினர் செல்வர், பத்தில் ஒரு பங்கினர் ஏதுமற்றோர், ஏனையோர் இடைநிலையினர் எனக் கணித்து, பெருஞ்செல்வரல்லாத திருச்சபையொன்றே நாள்தோறும் 3,000 விதவைகளையும் கன்னியரையும் தாங்குமாயின், செல்வர் பங்கிட்டால் வறுமைக்கு இடமேது என்று வினவுகின்றார். தீமோத்தேயு கடித விளக்கத்தில் அவர் மேலும் கூர்மையான கேள்வியைத் தொடுக்கின்றார். செல்வம் உனக்கு எவ்வாறு வந்தது? தந்தையிடமிருந்தா? அவனுக்கு எவ்வாறு வந்தது? இங்ஙனம் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிச் சென்றால், தொடக்கத்தில் எங்கோ ஓர் அநீதி இருந்தே தீரும் என்பது அவர் முடிபு. நவீன அரசியற் பொருளாதாரம் மூலதனத்தின் தோற்றுவாயை ஆராயப் புகுவதற்கு ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் கேட்கப்பட்ட கேள்வி இது. கொன்ஸ்தாந்திநோபிளின் ஆயராகியபின் 404இல் அவர் நாடுகடத்தப்பட்டு, 407இல் வழியிலேயே உயிர்நீத்தார். அரண்மனையினதும் செல்வரினதும் ஆடம்பரத்தை அவர் கண்டித்தமை அதற்கான காரணங்களுள் ஒன்று.

புரட்டஸ்தாந்து மரபில் யோன் வெஸ்லியை விட்டுவிட முடியாது. பணத்தைப் பயன்படுத்தும் முறை பற்றி 1760இல் அவர் அச்சிட்ட பிரசங்கம், ஈட்டல், சேமித்தல், வழங்கல் என்னும் மூன்றினையும் இயன்ற மட்டும் செய்யுமாறு பணிக்கின்றது. முதல் விதிக்கே அவர் பல கட்டுப்பாடுகள் விதித்தார். அயலானின் உடலுக்கோ உடைமைக்கோ கேடு விளைத்து ஈட்டுதல் கூடாது. மதுவடிப்போரின் செல்வம் அவர் கடுமையாகச் சாடியவற்றுள் ஒன்று. ஒக்ஸ்போட்டில் ஆண்டுக்கு 28 பவுணிற் சீவித்து, வருமானம் பன்மடங்கு உயர்ந்தபோதும் அதே 28 பவுணில் நின்று எஞ்சியதை வழங்கிய ஒருவரைப் பற்றி அவர் எழுதுகின்றார். அவரே அவ்வொருவர் என்பது பொதுக் கருத்து. ஆயினும் இறுதிக் காலத்தில் அவர் கண்டதென்ன? உழைப்பும் சிக்கனமும் தம் மக்களைச் செல்வராக்கின. செல்வம் அவர்தம் சமயத்தையே அரிக்கத் தொடங்கிற்று. முதலிரு விதிகளையும் ஏற்று மூன்றாவதைக் கைவிட்டோரை அவர் முதுமையில் மீண்டும் மீண்டும் கண்டித்தார். மக்ஸ் வெபர் 1904, 1905ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட தம் புகழ்பெற்ற ஆய்வில் வெஸ்லியின் இவ்வொப்புதலை முக்கிய சான்றாகக் கொண்டமை தற்செயலன்று.

வெஸ்லியின் வழிவந்த மிஷனரிமார் 1814இலும், அமெரிக்க மிஷனரிமார் 1816இலும் இலங்கையிற் பணி தொடங்கினர். இனி எமது மண்ணிலே கொடையும் உள்ளமும் எவ்வாறு இணைந்து தொழிற்பட்டன எனக் காண்போம்.

அமெரிக்க மிஷனின் வதிவிடப் பாடசாலைகளிற் பயின்ற பிள்ளைகளின் செலவை அமெரிக்காவிலுள்ள தனியாட்களும் சபைகளும் ஏற்றனர். செலவை ஏற்ற உபகாரியின் பெயரைப் பிள்ளைக்கு இடுவது வழமையாயிற்று. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, 'பாவலர் சரித்திர தீபகம்' தந்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என எமது இலக்கிய வரலாற்றில் நாம் படிக்கும் பெயர்கள் இவ்வழக்கை நினைவூட்டுவன. கொடுத்தவர்களுட் பலர் பெருஞ்செல்வரல்லர். தம் சிறு வருவாயில் மிச்சம்பிடித்து அனுப்பியவர்கள். அவர்களது உள்ளம் தூயதா என்று கேட்டால், தூயதே என்று தயங்காது விடையளிக்கலாம். ஆயின் அத்தூய உள்ளத்தினின்று புறப்பட்ட பணம் கடல் கடந்து வந்து சேர்ந்தபோது, ஒரு குழந்தையின் பெயரின் மேல் ஏறி அமர்ந்துகொண்டது. 1837இல் அமெரிக்காவில் நிதி நெருக்கடி மூண்டபோது மிஷனின் வருவாய் சுருங்க, யாழ்ப்பாணக் கிராமங்களிலே பெருந்தொகையான இலவசப் பாடசாலைகள் மூடப்பட்டன. கொடுத்தோரின் உள்ளம் அவ்வாண்டு மாறிவிடவில்லை. மாறியது வங்கிகளின் நிலை. உள்ளத்தை மட்டுமே ஆராயும் சமயச் சிந்தனையால் இவ்விரு நிகழ்ச்சிகளில் ஒன்றையேனும் விளக்க முடியுமா?

மலையகத்தில் நிலைமை இன்னும் கடுமையானது. 1854இலே கோப்பித் தோட்டத் துரைமார் சிலரின் முயற்சியாலும் பண உதவியாலும் தோட்டத் தொழிலாளருக்கான தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிற்று. தோட்டங்களில் உபதேசிமாரை அமர்த்துவதற்குத் துரைமார் நன்கொடை வழங்கினர். அவர்களுட் பக்திமான்கள் இருந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே காலத்துக் கோப்பித் தோட்டங்களிற் கூலி மாதக்கணக்கில் நிலுவையாகக் கிடப்பது சாதாரண நிகழ்ச்சி. கூலி வழங்கலை ஒழுங்குபடுத்த 1889இற் சட்டம் வேண்டியிருந்தது. தொழிலாளியைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றிய துண்டு முறை 1921இலேயே ஒழிந்தது. வயலில் அறுவடை செய்தோரிடமிருந்து பிடித்துவைக்கப்பட்ட கூலி கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகின்றது என்று யாக்கோபின் கடிதம் 5ஆம் அதிகாரத்திற் கூறுகின்றது. உபதேசியின் சம்பளத்துக்குக் கொடுத்த கையும் தொழிலாளியின் சம்பளத்தைப் பிடித்துவைத்த கையும் ஒரே வர்க்கத்தின் கைகள். முந்தியது காணிக்கை எனப் பதிவாயிற்று. பிந்தியது எங்கே பதிவாயிற்று? தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி இன்றும் தீராத வழக்காயிருக்கும் நாட்டில் இது பழங்கதை பேசுவதாகாது.

பிடியரிசியைப் பற்றியும் ஒரு சொல். உலையிலிடும் அரிசியிலிருந்து நாள்தோறும் ஒரு பிடியை எடுத்து வைத்துப் பொதுப்பணிக்குக் கொடுக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்திலே கிறிஸ்தவ இல்லங்களிலும் சைவ இல்லங்களிலும் நிலவியது. உபகாரியின் பெயர் எவர்மேலும் ஏறாத கொடை இது. இதனைப் போற்றுவோர் மிகுதி, நானும் போற்றுகின்றேன். ஆனால் அப்பிடியை எடுத்து வைத்தவள் யார் என்பதையும் நோக்கவேண்டும். தனக்குச் சீதனமாக வந்த காணியையே கணவனின் சம்மதமின்றிக் கைமாற்றத் தேசவழமை அவளுக்கு இடமளிக்கவில்லை. அவளது அதிகாரம் எட்டிய இடம் அரிசிப் பானை மட்டுமே. அவள் தன் பங்கைக் குறைத்து உண்டாளா, வீட்டார் யாவரும் குறைத்து உண்டனரா என்பதை எந்த ஆண்டறிக்கையும் கூறாது. விதவையின் இரண்டு காசுகளை நாம் வாசிக்கும் முறைக்கும் பிடியரிசியைப் புகழும் முறைக்கும் தொடர்புண்டு.

செழிப்பைப் போதிப்போர் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. காணிக்கையை விதை எனவும், பன்மடங்கு விளைச்சல் இம்மையிலேயே வரும் எனவும் அமெரிக்கப் பிரசங்கி ஓரல் றொபேட்ஸ் பரப்பிய கொள்கை இன்று எங்கும் கிளைவிட்டுள்ளது. 80 இலட்சம் டொலர் சேராவிடிற் கடவுள் தம்மை அழைத்துக்கொள்வார் என 1987இல் அவர் அறிவித்தமை உலகறிந்த செய்தி. பழைய சபைகள் இப்போதனையைக் கண்டு முகஞ்சுளிக்கின்றன. முகஞ்சுளிக்க அவற்றுக்கு உரிமையுண்டா என்பது ஐயமே. செல்வம் கடவுளின் ஆசீர்வாதம் என்பது ஒருவர் கட்சி. செல்வம் கடவுளுக்கு ஒரு பொருட்டன்று என்பது மற்றவர் கட்சி. செல்வம் எங்கிருந்து வந்தது என்று இருவருமே கேட்பதில்லை.

இது சமயத்தைப் பொருளாதாரமாகச் சுருக்குவது என்ற மறுப்பு எழும். எமது நாட்டவரான யேசு சபைத் துறவி அலோய்சியஸ் பீரிஸ் 1988இல் வெளிவந்த ஆசிய விடுதலை இறையியல் பற்றிய நூலில் இம்மறுப்புக்கு இடமில்லாமற் செய்துள்ளார். தானே விரும்பி ஏற்கும் வறுமை வேறு, பிறர்மேற் சுமத்தப்படும் வறுமை வேறு என அவர் பிரிக்கின்றார். முந்தியதை ஏற்றல் மாமோனைத் துறத்தல். பிந்தியதை ஒழிக்கப் போராடுதல் அத்துறவின் மறுபாதி. இரண்டிலொன்றைப் பிரித்தெடுத்தால் மற்றது பொய்யாகிவிடும். பௌத்த துறவு மரபோடு நெருங்கிப் பழகிய ஒருவருக்கே இவ்வளவு தெளிவு வாய்க்கும் என நினைக்கின்றேன். திசா பாலசூரியா அடிகளார் நற்கருணையும் மானிட விடுதலையும் பற்றி 1977இல் எழுதிய நூலும் இத்திசையிலேயே சென்றது. செல்வர் உண்டு களிக்க வறியவர் பசித்திருக்கும் பந்தி ஆண்டவரின் பந்தியன்று எனக் கொரிந்து சபையைப் பவுல் கடிந்துகொண்டமை அவர்களுக்கு முன்னோடி. உள்ளம் வேண்டாம் என்று இவர்கள் கூறவில்லை, நானும் கூறவில்லை. உள்ளத்தைக் கணக்கேட்டில் வாசிக்கவேண்டும் என்பதே வாதம்.

லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் வரும் சகேயுவை எடுத்துக்கொள்வோம். எரிக்கோவின் தலைமை ஆயக்காரன், செல்வன். மரத்திலேறி யேசுவைப் பார்த்தவன். அவனது வீட்டில் யேசு தங்கியபோது அவன் கண்ணீர் விட்டான் என்றோ, அவனது உள்ளம் உருகிற்று என்றோ லூக்கா எழுதவில்லை. அவர் தருவன இரண்டு எண்கள். உடைமையிற் பாதி வறியவர்க்கு. எவரிடமாவது அநியாயமாய் எதையேனும் வாங்கியிருந்தால் அவருக்கு நான்கு மடங்கு. முதலாவது ஈகை. இரண்டாவது ஈகையன்று, திருடிய ஆட்டுக்கு நான்கு ஆடுகளைத் திருப்பிக் கொடுக்குமாறு யாத்திராகமச் சட்டம் விதித்த ஈடு. மீட்பு வந்தது என்ற அறிவிப்பு இவ்விரண்டு எண்களுக்கும் பின்னரே வருகின்றது. சகேயுவைப் பற்றி நாம் கேட்கும் பிரசங்கங்களில் மரம் வருகின்றது, அவனது குள்ள உருவம் வருகின்றது, பாதியும் சில வேளை வருகின்றது. நான்கு மடங்கு அரிதாகவே வருகின்றது. அவன் ஆலயத்துக்கு ஏதேனும் கொடுத்ததாக லூக்கா குறிப்பிடவில்லை.